கிண்ணம் வந்துவிட்டது, மெலாத்தி அக்கா

என் மெலாத்தி அக்கா,

கிண்ணம் வந்துவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போனை எடுத்தால் ஹலோ கூடச் சொல்ல மாட்டாய், "வந்துச்சா தம்பி?" என்றுதான் ஆரம்பிப்பாய். சாப்பிட்டாயா, அங்கே மழையா, பிள்ளைகள் எப்படி என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். நாலு வருடமாக அந்தக் கேள்விக்கு "இன்னும் இல்லக்கா" என்று சொல்லிச் சொல்லி எனக்கே என் குரல் பிடிக்காமல் போய்விட்டது. இப்போது வந்துவிட்டது. நீ போய் எட்டு மாதம் கழித்து வந்தது.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? உன் நம்பரை இன்னும் அழிக்கவில்லை. கிண்ணத்தைக் கொடுத்த அன்று சாயங்காலம் பழக்கதோஷத்தில் அழுத்தியும் பார்த்தேன். இந்த எண் இப்போது இல்லை என்று ஒரு பெண் மலாயில் சொன்னாள். அவளிடமா சொல்ல முடியும்?

உனக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பேச்சு என்று வந்தால் எங்களையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாய். டெங்கில் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் என் அம்மாவோடு புல் வெட்டிய காலத்தில் பிடித்துக்கொண்ட தமிழ். கம்பம் என்கிற பூர்வகுடிக் கிராமத்திலிருந்து ஆற்றைத் தாண்டி வேலைக்கு வந்த தெமுவான் பெண் ஒருத்தி எங்களை மேய்க்கும் மண்டோரோடு தமிழில் சண்டை போட்டதைப் பற்றி அம்மா கடைசி வரைக்கும் பெருமை பேசினாள். மெலாத்தி என்றால் மல்லிகை என்று தெரிந்த அன்றே உன்னை மல்லிகா ஆக்கிவிட்டவளும் அவள்தான். என்னைவிட ஆறு வயது மூத்தவள் நீ. அக்கா என்று கூப்பிடுடா என்றாள், கூப்பிட்டேன். நம் உறவு வந்த வழி அவ்வளவுதான்.

எழுதி முடித்ததும் இதைச் சத்தமாகப் படிப்பேன். பத்திரிகைக்கும் அனுப்புவேன். நமக்குள் இருப்பதை ஏன்டா ஊருக்குச் சொல்கிறாய் என்று திட்டாதே. "நாலு பேருக்குத் தெரிஞ்சு குடுக்கணும்" என்று பிடிவாதம் பிடித்தவள் நீதானே. கிண்ணத்தை அப்படித்தான் கொடுத்தோம். மன்னிப்பையும் அப்படியே கேட்டுவிடுகிறேன்.

கூட இருந்து கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஒரு தொல்லியல் குழுவில் பொருள்களைப் பதிவு செய்கிறவன். மண்ணிலிருந்து வரும் ஒவ்வொரு ஓட்டுக்கும் கல்லுக்கும் ஒரு நம்பர் போட்டு, பையில் இட்டு, எங்கே கிடைத்தது, எந்த நிலையில் இருக்கிறது என்று புத்தகத்தில் எழுதுவது என் வேலை. இருபத்தாறு வருடமாக இதுதான். உன் கம்பத்துக்குப் பின்னால் இருந்த செம்பனை எண்ணெய்த் தோட்டத்திலும் அதை ஒட்டிய காட்டிலும் வீடமைப்புத் திட்டம் வரப்போகிறது என்றதும், அதற்கு முன் அந்த நிலத்தைப் பார்த்துச் சொல்லும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. எங்கள் தலைவரை நீ டாக்டர் என்றுதான் கூப்பிடுவாய். "ஊசி போடத் தெரியாத டாக்டரு" என்று எங்களிடம் கண்ணடிப்பாய். அவருக்கும் அது தெரியும், ஒன்றும் சொல்ல மாட்டார்.

உன்னை அந்த வேலைக்குக் கூட்டி வந்தது நான். எந்த இடத்தில் பழைய குடியிருப்பு இருந்தது, எந்த மேட்டில் கால் வைக்கக் கூடாது என்று உனக்குத்தான் தெரியும். உங்கள் பாத்தின், கம்பத்துத் தலைவர், எங்கள் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அதை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டு எல்லாம் முறைப்படி நடக்கிறது என்று நாங்கள் நிம்மதியானோம். நீ மட்டும் காகிதத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து இரண்டு விஷயம் சொன்னாய். காலையில் உள்ளே போவதற்கு முன் உன்னிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கம்பத்தில் யாராவது தவறிவிட்டால் ஏழு நாள் யாரும் அந்தக் காட்டுக்குள் போகக் கூடாது.

"ஏழு நாளு, தம்பி. அந்த டாக்டர்கிட்ட சொல்லிடு."

"சொல்லிடறேன் லா."

சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் எழுதி வைக்கவில்லை. எங்கள் வேலையில் எழுதாதது நடக்காததற்குச் சமம். அது உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, எனக்குத் தெரியும்.

மூன்றாவது வாரத்தில் உன் சித்தப்பா போய்ச் சேர்ந்தார். மூன்று நாள் நாங்கள் டெங்கில் கடைத்தெருவில் தே தாரிக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான்காம் நாள் காலையில் டாக்டர் காலண்டரைப் பார்த்தார். வீடமைப்புக்காரர்கள் கொடுத்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் என்னிடம்தான் கேட்டார். உனக்கு நெருக்கமானவன், உன் பேச்சு புரிந்தவன் என்று நம்பிக் கேட்டார். நான் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"தோண்டத்தான் கூடாது டாக்டர். நம்ம தோண்டப் போறதில்லையே. மேல கெடக்கறத பாத்து எடுத்துட்டு வந்துடலாம்."

நீ சொன்னது போகக் கூடாது என்று. அதை நான் தோண்டக் கூடாது என்று மாற்றிவிட்டேன். எங்கள் தொழிலில் இரண்டும் வேறு வேறு வேலை, வேறு வேறு படிவம். தரையின் மேல் கிடப்பதை எடுத்தால் யாரையும் தொந்தரவு செய்ததாக எங்கள் கணக்கில் வராது. வரிசையாக நடந்து கண்ணில் பட்ட இடத்தில் கொடி நட்டு, பொருளைப் பையில் போடுவோம். படித்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. உன் கம்பத்துச் சின்னப் பிள்ளையிடம் கேட்டிருந்தால் கூட அப்படி ஒரு வித்தியாசம் இல்லை என்று சொல்லியிருக்கும்.

காட்டுக்குள் ஒரு சரிவில், பெரணிப் புதருக்குள், வாய் கவிழ்ந்து கிடந்தது கிண்ணம். பழைய சீனக் கிண்ணம், மங்கிய நீலத்தில் கோணலாக ஒரு பூ. நூறு வருடத்துக்கு மேல் இருக்கும் என்று பார்த்தவுடன் தெரிந்தது. நான் கத்தியே விட்டேன். டாக்டர் ஓடிவந்து என் தோளைத் தட்டினார். மேடு என்று எதுவும் இல்லை, கல் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. பையில் போட்டு நம்பர் எழுதினேன். நிலை என்ற கட்டத்தில் "அடியில் துளை, சேதம்" என்று எழுதினேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இரண்டு தட்டு இறங்கியது.

அக்கா, நான் யார் வீட்டுப் பிள்ளை? எஸ்டேட்டை விற்றபோது என் அப்பாவைப் புதைத்த இடத்தில் மண்வாரி இறங்கியதே. யாரும் சொல்லவில்லை. விஷயம் தெரிந்து பூச்சோங்கிலிருந்து அண்ணனும் நானும் ஓடிப்போய்ப் பார்த்தபோது சிவப்பு மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை. எந்த இடம் என்றே தெரியாமல் அம்மா ஒரு மூலையில் சூடம் ஏற்றினாள். அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நின்றவள் நீ. "கேக்கணும்ல, ஒரு வார்த்த கேக்கணும்ல" என்று நீ அந்த லோரிக்காரனிடம் கத்தினாய். அப்படிப்பட்டவன் நான். எனக்கு எப்படிப் புத்தி மழுங்கிப்போனது? இதற்கு ஒரு பதில் தேடி நாலு வருடத்துக்கு மேலாக அலைகிறேன்.

அடுத்த வருடம் கம்பத்து ஆட்களை எங்கள் கிடங்குக்கு அழைத்துக் காட்ட வேண்டும் என்று டாக்டருக்குத் தோன்றியது. நல்ல எண்ணம்தான். இரண்டு வேனில் பதினாறு பேர் வந்தீர்கள். நீ அந்த மஞ்சள் கெபாயாச் சட்டை போட்டிருந்தாய். மேசை மேல் வெள்ளைத் துணி விரித்துப் பொருள்களை வரிசையாக வைத்திருந்தேன். கிண்ணத்தை நடுவில் வைத்தேன், மேலே சின்ன விளக்கு. நீ அதன் முன்னால் நின்றாய். ரொம்ப நேரம் நின்றாய். உனக்குப் பிடித்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

"இத யாரு எடுத்தா?"

"நான்தான்க்கா!" என்றேன். மார்க் வாங்கி வந்த பிள்ளை போலச் சொன்னேன். எந்தச் சரிவு, எந்தப் புதர், எப்படி மின்னியது என்று கையை வீசி விளக்கினேன். எந்த நாள் என்றும் சொன்னேன். நீ தலையை மட்டும் ஆட்டினாய்.

பிறகு எல்லோரையும் பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டுக்குக் கீழே இருக்கும் வாழையிலைக் கடைக்குக் கூட்டிப் போனேன். நீ இரண்டு கவளம் சாப்பிட்டாய். பிறகு இலையை உன் பக்கம் மடிக்காமல் எதிர்ப்பக்கமாக மடித்தாய். சாவு வீட்டில் மடிப்பது போல. எனக்குச் சிரிப்பு வந்தது.

"என்னக்கா, எங்களோட இத்தன வருஷம் சாப்ட்டு இன்னும் எல மடிக்கத் தெரியலையா? தப்பா மடிச்சிட்ட."

"தெரிஞ்சுதான்டா மடிச்சேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாய்.

மூன்று நாள் கழித்து நீ தனியாக வந்தாய். கம்பத்திலிருந்து பஸ் பிடித்துக் காஜாங் வந்து, அங்கிருந்து ரயிலேறி, வழி கேட்டு என் வீட்டுக் கதவைத் தட்டினாய். என் மனைவி கொடுத்த காப்பியைத் தொடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். அது உன் அம்மாவின் கிண்ணம். அவளுக்கு அவள் அம்மா கொடுத்தது. உன் அம்மாவைப் புதைத்தபோது அவள் தலைமாட்டில் வைத்தது. வைப்பதற்கு முன்னால் உன் அண்ணன் ஆணியை வைத்து அடியில் ஒரு துளை போட்டார், உயிரோடு இருப்பவர்கள் யாரும் திரும்ப எடுத்துப் புழங்கிவிடக் கூடாது என்பதற்காக. உங்கள் வீட்டில் அப்படித்தான் வழக்கம் என்றாய். மேடு மழையில் கரைந்து அமுங்கிவிட்டது. அதற்காக அவள் அங்கே இல்லாமல் போய்விடவில்லை.

"சித்தப்பா செத்து நாலாவது நாளு. அன்னைக்கா போனீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"வேற யாராவது எடுத்திருந்தா சண்ட போட்டிருப்பேன். நீ எடுத்துட்டியேடா."

என் மனைவி அடுக்களையில் நின்று அழுதாள். நான் அழக்கூட இல்லை அக்கா. அவமானம் என்பது அழுகையை விடப் பெரிய அடைப்பு என்று அன்றுதான் தெரிந்தது.

கிடங்குச் சாவி என்னிடம்தான் இருந்தது. உனக்கும் அது தெரியும். அன்றே சொன்னேன்: "நாளைக்கே எடுத்துக் குடுத்துடறேன்க்கா. யாருக்கும் தெரியாது. பெட்டியோட காணாமப் போச்சுன்னு எழுதிடறேன்." வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். நீ முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாய்.

"எடுக்கும்போதும் சொல்லாம எடுத்த. குடுக்கும்போதும் சொல்லாம குடுப்பியா? எங்கம்மா என்ன திருட்டுப் பொருளா வாங்குவாங்க? உங்க டாக்டரு வரணும். எங்க பாத்தின் முன்னால, நாலு பேருக்குத் தெரிஞ்சு குடுக்கணும். தப்புன்னு சொல்லிக் குடுக்கணும்."

அப்படி ஆரம்பித்ததுதான் அந்த நாலு வருடம். டாக்டர் கெட்டவர் இல்லை. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் செத்துவிட்டது. மேலிடத்துக்கு எழுதினார். பதிவான பொருளைப் பதிவிலிருந்து நீக்க வழி இல்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். உரிமைக்கு ஆதாரம் கேட்டார்கள், போட்டோ, பத்திரம், ரசீது என்று. "செத்தவங்க தலமாட்டுல வைக்கறதுக்கு ரசீதா வாங்குவாங்க?" என்று நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் ஆதாரமாக நின்றது என் கையெழுத்துதான். கிண்ணத்தைத் திருப்பிப் பார்க்காமலே அடியில் துளை இருக்கிறது, இன்ன இடத்தில், இந்த அளவில் என்று நீ உன் மகளைக் கொண்டு எழுதிக் கொடுத்தாய். என் புத்தகத்தில் நான் எழுதிய "அடியில் துளை, சேதம்" அதோடு பொருந்தியது. நான் சேதம் என்று நினைத்தது உன் வீட்டார் வேண்டுமென்றே செய்த காரியம்.

நடுவில் ஒருமுறை இரவலாகத் தரலாம் என்று கடிதம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளலாம், கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும், ஈரம் படக் கூடாது. நான் அதைத் தமிழில் உனக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாய்.

"எங்கம்மா சாமான எனக்கே இரவலா? மண்ணுல வைக்கற பொருளுக்கு ஈரம் படக் கூடாதா? போதும்டா, மடிச்சு வை."

அந்த வருடங்களில் நீ என்னோடு பேசாமல் இருந்திருந்தால் கூடத் தேவலை. பேசினாய். தீபாவளிக்கு வந்தாய். என் பெண் கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தாய். மேலிடத்தில் நடந்த கூட்டங்களுக்கு வந்து, படித்தவர்கள் நடுவில் உட்கார்ந்து, மறுபடியும் மறுபடியும் அதே கதையைச் சொன்னாய். ஒவ்வொரு தடவையும் "இவன் என் தம்பி" என்று என்னைக் காட்டித்தான் ஆரம்பித்தாய். ஆனால் பரவாயில்லை என்று ஒரு தடவை கூட நீ என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?

பிறகு உன் சிறுநீரகம் பழுதானது. வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்தம் செய்ய அலைந்தாய். கடைசியாக உன்னைக் காஜாங் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கை வீங்கியிருந்தது. உன் மகள் இந்தான் கால் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வந்ததும் அதே கேள்வி.

"வந்துச்சா தம்பி?"

"அடுத்த மாசம் கூட்டம் இருக்குக்கா. இந்த வாட்டி முடிஞ்சிடும்னு டாக்டர் சொல்றாரு."

"அடுத்த மாசமா? நான் இருப்பனா?"

"இருப்ப லா, ஏன் இல்ல? நீதானே போய் வாங்கணும்."

நீ என் கையைத் தட்டிக் கொடுத்தாய். சின்னப் பொய்க்குத் தட்டிக் கொடுப்பது போல. சாவி அன்றைக்கும் என் பேண்ட் பாக்கெட்டில் இருந்தது அக்கா. அதைத் தொட்டுக்கொண்டே உன் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஓடிப்போய் எடுத்து வந்து ஒரு தடவை உன் கையில் வைத்திருக்கலாமோ? நீ திட்டியிருப்பாய். திட்டினாலும் விரல்கள் அந்தப் பூவைத் தடவியிருக்கும். உன் சொல்லைக் காப்பாற்றினேன். அது சரிதானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கூட்டத்துக்குப் பதினொரு நாள் இருந்தபோது நீ போய்விட்டாய்.

இந்த முறை ஏழு நாள் இருந்தேன். ஆபீஸில் லீவு கேட்டேன். படிவத்தில் உறவுமுறை என்ற இடத்தில் அக்கா என்று எழுதினேன். அக்காவுக்கெல்லாம் துக்க லீவு கிடையாது, அதுவும் அடையாள அட்டையில் அப்பா பெயரே வேறாக இருக்கிறதே என்று அந்தப் பெண் தயங்கினாள். ஆதாரம் கேட்கிறாள் என்று புரிந்தது. உன்னைப் போலச் சிரித்துவிட்டு என் சொந்த லீவில் ஏழு நாளைக் கழித்துக்கொள்ளச் சொன்னேன். உன் கம்பத்து வாசலில் வந்து உட்கார்ந்தேன், காட்டுப் பக்கம் திரும்பவில்லை. எங்கள் குழுவில் ஒருவரும் அந்த ஏழு நாளும் எந்தத் தளத்திலும் கால் வைக்கவில்லை. டாக்டர் அதை இந்தத் தடவை எழுதியே போட்டார்.

நல்ல செய்தி கொஞ்சம் சொல்கிறேன், கேள். இனிமேல் எங்கள் குழு எந்தக் கம்பத்துப் பக்கம் போனாலும் முதலில் ஒரு ஒப்பந்தம். அதை எழுதியது இந்தான். உன் வாயாடித்தனம் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது. கம்பத்து ஆள் இல்லாமல் எங்கள் ஆள் நடக்கக் கூடாது. வேண்டாம் என்றால் வேண்டாம்தான், காரணம் கேட்கக் கூடாது. துக்க நாளில் தோண்டவும் கூடாது, எடுக்கவும் கூடாது, நடக்கவும் கூடாது, மூன்றையும் தனித்தனியாகப் போட்டிருக்கிறாள். அதைப் படித்துவிட்டு டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எல்லாக் குழுவும் இப்படி மாறிவிட்டது என்று உன்னிடம் புளுக மாட்டேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடுகள் கூரை வரைக்கும் வந்துவிட்டன. உன் அம்மா இருக்கும் சரிவை மட்டும் வேலி போட்டு விட்டிருக்கிறார்கள். அதற்கும் நீ கூட்டத்தில் சொன்ன கதைதான் காரணம்.

அந்தக் கூட்டத்தில் ஒத்துக்கொண்ட பிறகும் காகிதம் நகர மாதக்கணக்காகி, போன செவ்வாய்க்கிழமைதான் கிண்ணத்தைக் கொண்டு வந்தோம். கண்ணாடிப் பெட்டி இல்லை, சுற்றிக்கொள்ள உன் மஞ்சள் கெபாயாவை இந்தான் கொடுத்திருந்தாள். கம்பத்துக் கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். டாக்டர் நின்றுகொண்டே பேசினார். இது எங்களுடையது இல்லை, கேட்காமல் எடுத்தோம், போகக் கூடாத நாளில் போனோம், தப்பு என்று சொன்னார். பாத்தின் கேட்டுக்கொண்டார். பிறகு, எடுத்தது யார் என்று கேட்டார்.

எழுந்து நின்றேன். "நான்தான்" என்றேன். அன்று கிடங்கில் சொன்ன அதே வார்த்தை. நீ உட்காரும் பாய் காலியாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் சொன்னேன்.

எல்லோரும் சரிவுக்குக் கிளம்பினார்கள். நானும் செருப்பை மாட்டினேன். என் கையால் எடுத்ததை என் கையால் வைத்தால் மனசு ஆறும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதற்காகவே ஒரு வெள்ளைச் சட்டை வாங்கியிருந்தேன், சிரிக்காதே. இந்தான் என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, நீங்க வர வேணாம் லா. கோவம் இல்ல. அன்னைக்கு நீங்க கேக்காம போனீங்க. இன்னைக்கு நாங்க சொல்றோம், இங்கயே இருங்க."

இருந்தேன். வேன் நிழலில் இரண்டு மணி நேரம். ரோட்டில் கல் லோரிகள் போய்க்கொண்டிருந்தன. அப்போதுதான் அழுதேன் அக்கா, நாலு வருடமும் எட்டு மாதமும் சேர்த்து அழுதேன். டாக்டரும் போகவில்லை, ஸ்டியரிங்கில் தலை வைத்துக் கிடந்தார். திரும்பி வந்தபோது இந்தான் கையில் துணி மட்டும் இருந்தது, உன் கெபாயா. அதை என்னிடம் தந்தாள். "அம்மா உங்களுக்குக் குடுக்கச் சொன்னாங்க. கிண்ணம் போய்ச் சேந்தப்புறம்தான் குடுக்கணும்னு சொன்னாங்க."

என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. பரவாயில்லை என்பதற்கு இதுதான் உன் வார்த்தையா? அப்படி எடுத்துக்கொள்ளலாமா? நீயாகச் சொல்லாததை எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிட்டேன், அதனால் சும்மா மடித்து அலமாரியில் வைத்திருக்கிறேன்.

மறுநாள் கிடங்குக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். "சேதம்" என்பதை அடித்துவிட்டு, "அடியில் துளை. அண்ணன் போட்டது" என்று எழுதினேன். கிடைத்த இடம் என்ற கட்டத்தில் அந்தச் சரிவைக் காட்டிக்கொடுக்கும் எண்களை இந்தான் கேட்டபடி மை போட்டு மறைத்தேன். அடுத்தது, தற்போது இருக்கும் இடம். உன் அம்மாவின் தலைமாட்டில் வைத்தார்களா, உன் தலைமாட்டில் வைத்தார்களா? எனக்குத் தெரியாது. கேட்டால் இந்தான் சொல்லியும் விடுவாள். இருபத்தாறு வருடத்தில் நான் காலியாக விட்ட ஒரே கட்டம் அது.

அது காலியாகவே இருக்கும் அக்கா. யார் கேட்டாலும், டாக்டரே கேட்டாலும், தெரியாது என்பேன். மறைத்த அந்த எண்கள் இன்னும் என் மண்டைக்குள் இருக்கின்றன, அழிக்க முடியவில்லை. அவற்றை என்னோடு எரிக்கச் சொல்லிவிடுகிறேன். உன் கம்பத்துக்கு வருவேன், வாசலில் நின்று குரல் கொடுப்பேன், வா என்றால் வருவேன். அந்தச் சரிவுக்கு நீயாகக் கூப்பிடும் வரைக்கும் வர மாட்டேன்.

நான்தான், கேட்காமல் எடுத்த உன் தம்பி,
சேகரன்
பிரிக்ஃபீல்ட்ஸ்